தோலுக்குள் மறைந்த மரம்

அமெரிக்க மேற்குப் பிரதேசத்துச் சேணம் ஒன்றை விலைபேச வருபவர் முதலில் பார்ப்பது அதன் தோலைத்தான். தோலில் செதுக்கப்பட்ட காட்டு ரோசா மலர்களும், வெள்ளிப் பதக்கங்களும், விளிம்போரம் ஓடும் தையலும் கண்ணைப் பறிக்கின்றன. வயோமிங் மாநிலத்தின் ஷெரிடன் நகரில் டொன் கிங் என்ற கலைஞர் வளர்த்தெடுத்த மலர்ச் செதுக்கல், ஒரு தனிப் பாணியாகவே பெயர் பெற்றுவிட்டது. ஆனால் சேணத்தைச் சேணமாக்குவது தோலன்று. தோலுக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மரத்தாலான ஒரு சட்டகம் இருக்கின்றது. ஆங்கிலத்தில் அதனை ‘ஸெடில் ட்ரீ’ என்பர். ஸ்பானிய மொழியில் அது ‘ஃபுஸ்தே’. அச்சொல்லின் மூலப்பொருளும் மரம், தடி என்பதே. நாம் அதனைச் சேணமரம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

சேணம் தைத்த கடையின் பெயர் தோலில் முத்திரையாகப் பதிந்திருக்கும். மரத்தைச் செய்தவரின் பெயர் இருந்தாலும் அது தோலுக்குள் மூடப்பட்டுவிடும். அந்த மரத்தைச் சுமக்கும் முதுகுக்கோ பேச வாயில்லை. கவ்போய்களைப் பற்றிய நாவல்களும் திரைப்படங்களும், குதிரைப் படைகளைப் பற்றிய வரலாற்று நூல்களும், மேலே அமர்ந்தவனைப் பற்றியே அதிகம் பேசுகின்றன. சேணமரத்தின் பக்கம் நின்று அதே வரலாற்றைப் பார்த்தால் வேறு கேள்விகள் எழுகின்றன. மனிதனின் பாரத்தைக் குதிரையின் முதுகு எப்படித் தாங்கியது? அந்த முதுகை நினைத்து வேலை செய்தவர்கள் யார், மறந்தவர்கள் யார்?

முதுகும் மரமும்

குதிரையின் முதுகெலும்பு வயல் வரம்பு போல் நடுவே ஓடுகின்றது. அதன் இருமருங்கிலும் நீண்ட தசைகள் உள்ளன. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் முள்ளெலும்புகள் உயர்ந்து ஒரு மேடாக நிற்கும். அதனைத் தோள்மேடு எனலாம். மனிதனுக்கு உள்ளது போன்ற காறை எலும்பு குதிரைக்கு இல்லை. அதன் முன்னங்கால்கள் உடலோடு தசையாலும் நாராலும் மட்டுமே பிணைக்கப்பட்டுள்ளன. எனவே முன்னங்கால் முன்னே நீளும்போது தோட்பட்டை எலும்பின் மேல்முனை பின்னோக்கி நகர்கின்றது. பொதுவாகக் குதிரைக்கு 18 சோடி விலா எலும்புகள். அவை முடிந்த பின்னர் வரும் இடுப்புப் பகுதிக்கு விலாவின் தாங்கல் கிடையாது. ஆக, மனிதன் உட்காரத் தகுந்த இடம் தோட்பட்டைக்குப் பின்னால் தொடங்கிக் கடைசி விலாவோடு முடிந்துவிடுகின்றது. அதிலும் நடு வரம்பைத் தொடாமல் இருமருங்கிலும் மட்டுமே பாரம் இறங்க வேண்டும்.

சேணமரம் இந்தத் தேவையிலிருந்து பிறந்தது. அதன் உயிர் இரண்டு நீண்ட பலகைகளில் இருக்கின்றது. முதுகெலும்பின் இருபுறமும் ஒவ்வொன்றாக அவை படுத்திருக்கும். முன்புறத்தில் தோள்மேட்டைத் தாண்டி அவ்விரு பலகைகளையும் இணைப்பது முன்வளைவு. பின்புறத்தில் இணைப்பது பின்வளைவு. முன்வளைவின் உச்சியில் நிற்பது கொம்பு. நடுவில், முதுகெலும்புக்கு நேர் மேலே, ஒரு வெற்றுவழி விடப்பட்டிருக்கும். தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தால் சிறு தோணியொன்றின் எலும்புக்கூடு போல் தோன்றும்.

இதன் தத்துவத்தை விளக்கப் பெரிய கல்வி தேவையில்லை. விசை ஒன்றேயாயினும் பரப்பளவு கூடினால் அமுக்கம் குறையும் என்று விஞ்ஞானப் பாடத்தில் கற்பிக்கின்றோம். புத்தகப் பையின் நாடா மெல்லியதாக இருந்தால் பிள்ளையின் தோளை வெட்டும். அகன்ற நாடா வெட்டாது. பையின் பாரம் இரண்டிலும் ஒன்றே. மேற்குச் சேணம் தானே 30 முதல் 40 இறாத்தல் வரை நிறை கொண்டது. அதன்மேல் ஒரு மனிதன் அமர்ந்தும், குதிரை வேதனைப்படாமல் ஒரு நாள் முழுவதும் வேலை செய்ய முடிகிறதென்றால், அதற்குக் காரணம் அந்த இரு பலகைகளின் நீளமும் அகலமுமே.

ஆசியப் புல்வெளியிலிருந்து

சேணத்தை முதலில் செய்தவர் இன்னார் என்று ஒருவரைச் சுட்ட இயலாது. அல்ட்டாய் மலைப்பகுதியில் பஸிரிக் என்னுமிடத்தின் உறைந்த கல்லறைகளை ரஷ்ய அகழ்வாராய்ச்சியாளர் செர்கெய் ருடென்கோ ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட சேணங்கள் பனிக்குள் பழுதுபடாமல் கிடைத்தன. அவை முழு மரச்சட்டகம் கொண்டவையல்ல. அடைத்துத் தைத்த இரு மெத்தைகள் மட்டுமே. எனினும் அவை முதுகெலும்பின் இருபுறமும் பிரிந்தே அமைந்திருந்தன. மரம் வருமுன்னரே நடு வரம்பைத் தொடக்கூடாது என்ற அறிவு வந்துவிட்டது.

மரச்சட்டகம் பிற்பட்டது. மேற்கு மொங்கோலியாவின் குகைக் கல்லறையொன்றில் கிடைத்த பூர்ச்ச மரச் சேணம் பற்றி 2023இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அது கிறிஸ்துவுக்குப் பின் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளின் எல்லையைச் சார்ந்தது. இதுவரை அறியப்பட்ட மரச்சட்டகச் சேணங்களுள் மிகப் பழையவற்றில் அதுவும் ஒன்று. அதே காலப்பகுதியில் கிழக்காசியாவில் அங்கவடி, அதாவது சவாரி செய்பவர் கால் வைக்கும் வளையம், சோடியாகப் பயன்பட்டது. சீனாவின் வடகிழக்கில் 415ஆம் ஆண்டு இறந்த ஃபெங் சூஃபு என்ற பிரபுவின் கல்லறையில் கிடைத்த அங்கவடிகள் வெளியே பொன்முலாம் பூசிய வெண்கலம். உள்ளே முசுக்கட்டை மரம்.

சேணமரமும் அங்கவடியும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வளர்ந்தது தற்செயலன்று. அங்கவடியில் எழுந்து நிற்பவனின் முழுப் பாரமும் இரு வார்களின் வழியே இரண்டு புள்ளிகளில் இறங்குகின்றது. வெறும் மெத்தைச் சேணமாயின் அந்தப் புள்ளிகள் முதுகைத் துளைத்துவிடும். மரப்பலகை அந்தப் பாரத்தை வாங்கி நெடுக விரித்துவிடுகின்றது.

அறபுப் படைகளிலும் இதே பிரச்சினை வேறு வடிவில் எழுந்தது. உமையாக்கள் காலத்தில் ஹவாரிஜ்களுக்கு எதிராகப் போரிட்ட தளபதி அல்-முஹல்லப் இப்னு அபீ சுப்ரா, இரும்பு அங்கவடிகளைச் செய்வித்ததாக அல்-முபர்ரத் எழுதியுள்ளார். அதற்கு முன்னர் அறபிகளின் அங்கவடிகள் மரத்தாலானவை. மோதலின்போது மரம் உடைந்தால் வீரனுக்குக் காலூன்ற இடமிருக்காது. அங்கவடி இரும்பானபின் மனிதன் இன்னும் உறுதியாக நின்று தாக்கினான். குதிரைமீது இறங்கும் சுமையும் அதற்கேற்ப வன்மையானது. மேலே நிகழும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கீழே உள்ள மரம் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பதை இவ்வரலாறு நெடுகக் காண்கின்றோம்.

ஸனாத்தாக்களும் ஸ்பெயினும்

ஸ்பானிய மொழியில் குதிரைச் சவாரி செய்பவரைக் குறிக்கும் சொல் ‘ஹினேத்தே’. அதன் வேர் ‘ஸனாத்தா’ என்னும் வட ஆபிரிக்க பர்பர் குலத்தின் பெயர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் கிரனாடாவின் சுல்தான்களுக்குத் துணையாக ஸனாத்தாக் குதிரை வீரர்கள் மக்ரிபிலிருந்து கடல் கடந்து வந்தனர். அதே வீரர்களை அரகோன் நாட்டுக் கிறிஸ்தவ மன்னர்களும் கூலிக்கு அமர்த்தினர் என்பதை அம்மன்னர்களின் ஆவணங்களே காட்டுகின்றன. அவர்களது சவாரி முறை ‘ஹினேத்தா’ எனப்பட்டது. குட்டையான அங்கவடி, மடித்த முழங்கால், இலகுவான ஆயுதம், தோற்கேடயம், கணத்தில் திரும்பும் குதிரை என்பன அதன் இலக்கணம். ஐரோப்பிய நைற்றுகளின் முறை ‘பிரிதா’. நீண்ட அங்கவடியில் காலை நீட்டி, கனத்த கவசத்துடன், உயர்ந்த முன்வளைவுக்கும் பின்வளைவுக்குமிடையே இறுகி அமர்வது அது.

1492இல் கிரனாடா வீழ்ந்தது. மறு ஆண்டில் கொலம்பஸ் தனது இரண்டாம் பயணத்தில் குதிரைகளைக் கரீபியன் தீவுகளுக்குக் கொண்டு சென்றார். 1519இல் ஹெர்னான் கோர்த்தேஸ் மெக்சிக்கோக் கரையில் இறங்கியபோது அவருடன் 16 குதிரைகள் இருந்தன. அந்தக் குதிரைகள் ஒவ்வொன்றின் நிறத்தையும் குணத்தையும் போர்வீரர் பெர்னால் தியாஸ் முதுமையிலும் நினைவிலிருந்து எழுதி வைத்தார். இரண்டு சவாரி முறைகளையும் அறிந்த ஒரு சமூகமே அட்லாந்திக்கைக் கடந்தது.

இவ்விடத்தில் நாம் அவதானமாக இருத்தல் வேண்டும். கவ்போயின் சேணம் அந்தலூஸிலிருந்து நேரே வந்தது என்று சொல்லி மகிழ்ந்துவிடுவது எளிது. நமது சஞ்சிகைகளில் அத்தகைய பெருமிதக் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. உண்மை அவ்வளவு நேர்கோடாக இல்லை. மேற்குச் சேணத்தில் காலை நீட்டி அமரும் முறையும் உயர்ந்த பின்வளைவும் ‘பிரிதா’வை நினைவூட்டுகின்றன. குதிரையை இலகுவாகத் திருப்பி வேலைவாங்கும் முறை ‘ஹினேத்தா’வின் பக்கம் சாய்கின்றது. சேணமரத்தையோ அறபிகளும் ஆசியப் புல்வெளி மக்களிடமிருந்து தொடங்கிய நெடிய தொடரின் ஒரு கண்ணியாகவே பெற்றனர். எவரும் தனியுரிமை கொண்டாட இடமில்லாத ஒரு கூட்டுச் சொத்து அது.

எனினும் சொற்கள் தடயம் விட்டுச் சென்றுள்ளன. கடிவாள இரும்பு இல்லாத தலைக்கயிற்றைக் கவ்போய்கள் ‘ஹெக்கமோர்’ என்பர். அது ஸ்பானிய ‘ஹாக்கிமா’வின் திரிபு, அதன் மூலம் அறபு ‘ஷகீமா’. ஸ்பானியரின் பொதிச்சேணம் ‘அல்பார்தா’. அது அறபு ‘அல்-பர்தஆ’. நம் தமிழிலும் சேணத்துக்குச் ‘சீனி’ என்றொரு சொல் உண்டு. அது பாரசீக ‘ஸீன்’ வழியாக வந்தது. குதிரையோடு சேர்ந்து சொல்லும் பிரயாணம் செய்கின்றது.

கொம்பு முளைத்த கதை

மெக்சிக்கோவில் குதிரையின் வேலை மாறியது. போர் முடிந்ததும் மாடு வந்தது. பரந்த மேய்ச்சல் நிலங்களில் காட்டுத்தனமாகப் பெருகிய மாடுகளை மேய்க்க ஆட்கள் தேவைப்பட்டனர். சுதேச மக்கள் குதிரை ஏறக்கூடாது என்று தொடக்கத்தில் விதிக்கப்பட்டிருந்த தடை இத்தேவையின் முன் தளர்ந்தது. சுதேசிகளும் கலப்பினத்தவரும் ஆபிரிக்க வம்சாவளியினருமே ‘வக்கேரோ’ எனப்படும் மாடுமேய்க்கும் குதிரைக்காரராயினர். அவர்களுக்கு ஸ்பெயினின் அலங்காரச் சேணம் எட்டாத பொருள். உள்ளூர் மரத்தில் தாங்களே செதுக்கிய சட்டகத்தைப் பச்சைத் தோலால் மூடி, வேண்டியபோது மேலே ஒரு தோல்விரிப்பைப் போட்டுச் சவாரி செய்தனர். மேற்குச் சேணத்தின் தாய் அந்த ஏழையின் ‘ஃபுஸ்தே’ ஆகும்.

ஆரம்பத்தில் மாட்டை வீழ்த்த, பின்னங்கால் நரம்பை வெட்டும் பிறைவடிவ ஈட்டி பயன்பட்டது. தோலுக்காகவும் கொழுப்புக்காகவும் மாடுகளைக் கொல்வதற்கு அது போதும். உயிருடன் பிடிப்பதற்கு உதவாது. சுருக்குக் கயிறு அந்த இடத்தைப் பிடித்தது. கயிற்றின் மறுமுனையை எங்கே கட்டுவது என்பது அடுத்த பிரச்சினை. குதிரையின் வாலில் கட்டிப் பார்த்தனர். வயிற்றுவாரிலும் கட்டிப் பார்த்தனர். இறுதியில் முன்வளைவின் உச்சி தடித்து, நீண்டு, கொம்பாயிற்று. கவ்போயின் அடையாளமாக உலகம் அறிந்த அக்கொம்பு பிடித்துக்கொள்வதற்காக முளைத்ததன்று. மாட்டைக் கட்டுவதற்காக முளைத்தது.

கொம்போடு சேணமரத்தின் பொறுப்பும் மாறியது. அதுவரை மேலிருந்து கீழே இறங்கும் பாரத்தை மட்டுமே அது தாங்கியது. இப்போது கயிற்றின் மறுமுனையில் ஆயிரம் இறாத்தல் காளை நின்று இழுக்கின்றது. கொம்பு ஒரு நெம்பு. அது எவ்வளவு உயரமோ அவ்வளவு வலுவாகச் சேணத்தை முன்னே சாய்க்கும். அப்போது பலகைகளின் முன்முனைகள் தோட்பட்டையில் குத்தும். பின்பக்கம் மேலே கிளம்பும்.

இப்பிரச்சினைக்கு இரண்டு பிரதேசங்கள் இரண்டு விடைகளைக் கண்டன. கலிபோர்னியாவின் வக்கேரோ பச்சைத் தோலைப் பின்னிய மிக நீண்ட கயிற்றை வைத்திருந்தான். திடீரென வெட்டி இழுத்தால் அது அறுந்துவிடும். ஆகவே அவன் கயிற்றைக் கொம்பில் கட்டாமல் சில சுற்றுகள் சுற்றி, மெல்ல வழுக்கவிட்டு மாட்டை நிறுத்தினான். சுற்றுவதைக் குறிக்கும் ‘தார் லா புவெல்த்தா’ என்ற ஸ்பானியத் தொடர் ஆங்கிலம் பேசுவோர் வாயில் ‘டெலி’ எனத் தேய்ந்தது. இழுப்பின் அதிர்ச்சி குறைந்ததால் நடுவில் ஒரேயொரு வயிற்றுவார் அவனுக்குப் போதுமானதாயிற்று. டெக்சாஸில் முட்புதர்க் காடு. நீண்ட கயிற்றை வீசவோ மெல்ல விடவோ அங்கே இடமில்லை. டெக்சாஸ்காரன் குட்டையான நார்க்கயிற்றின் முனையைக் கொம்பில் இறுகக் கட்டிவிட்டு வீசினான். முழு அதிர்ச்சியும் ஒரு கணத்தில் சேணத்தைத் தாக்கியது. பின்பக்கம் கிளம்பாதிருக்க இரண்டாவது வயிற்றுவார் ஒன்றை அவன் சேர்த்தான். நிலமும் கயிறும் மாறியபோது சேணமும் மாறியது.

பச்சைத் தோலின் பிடி

இத்தகைய இழுப்பைத் தாங்கும் சேணமரத்தை வன்மரத்தில் செய்திருப்பார்கள் என்றே நினைக்கத் தோன்றும். ஆனால் பெரும்பாலும் பைன், கொட்டன்வூட், பொப்லர், டக்ளஸ் ஃபேர் போன்ற இலகுவான மரங்களே பயன்பட்டன. அவை பாரம் குறைந்தவை. ஆணியையும் திருகாணியையும் பிளவாமல் ஏற்பவை. வலிமையின் பெரும் பங்கு மரத்தில் இல்லை. அதன்மேல் போர்த்தப்படும் பச்சைத் தோலில் இருக்கின்றது.

பச்சைத் தோல் என்பது பதனிடாத மாட்டுத்தோல். உரோமம் நீக்கி, நீரில் ஊறவைத்து, ஈரத்தோடு அதை மரத்தின்மேல் இழுத்துப் போர்த்துவர். ஒவ்வொரு வளைவிலும் உள்ளே காற்று நிற்காமல் அமர்த்தி, தோல்வாராலேயே தைப்பர். அதன் பின்னர் காத்திருக்க வேண்டும். உலரும் தோல் சுருங்கி மரத்தை இறுக்கும். ஒரு பக்கம் விரைந்து உலர்ந்து மறுபக்கம் தாமதித்தால், அந்த இறுக்கமே பலகைகளைக் கோணலாக்கிவிடும். ஆகவே நிழலில், மெதுவாக, பல நாட்கள் உலர்த்துவர். இறுதியில் ஈரம் புகாதிருக்க வார்னிஷ் பூசுவர். தனித்த மரம் நார்வழியே பிளக்கும். தனித்த தோல் வளைந்து கொடுக்கும். இரண்டும் சேர்ந்தால் காளை இழுத்தும் கலையாது.

ஆனால் உறுதியான மரம் நல்ல மரமாகிவிடாது. பலகையின் அடிப்பக்கத்தில்தான் மரவேலைக்காரரின் உண்மையான திறமை தெரியும். குதிரையின் முதுகு தட்டையன்று. முன்னிருந்து பின்னாக அது தொட்டில் போல் தாழ்ந்து உயர்கின்றது. அதோடு தோள்மேட்டருகே செங்குத்தாகச் சரியும் பக்கங்கள், பின்னே போகப் போகத் தட்டையாகின்றன. ஆகவே பலகையின் அடி நீளவாக்கில் வளைந்திருக்க வேண்டும். அதே சமயம் முறுக்கிய துணி போல் முன்னிருந்து பின்னாகக் கோணம் மாறிச் செல்லவும் வேண்டும். இரு முனைகளும் மேல்நோக்கி விரிய வேண்டும். இல்லாவிடில் நகரும் தோட்பட்டையில் முன்முனை குத்தும். இத்தனையும் இடமும் வலமும் ஒன்றுபோல் அமைய வேண்டும்.

கலிபோர்னியாவின் வைசேலியா நகரச் சேணமரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரும் புகழ்பெற்றது. அதற்கு வித்திட்ட பட்டறை ஹுவான் மார்த்தரேல் என்பவருடையது. அங்கே ஸ்பானிய வழி வந்த கைவினைஞர்கள் வேலை செய்தனர். 1870ஆம் ஆண்டளவில் பட்டறை டேவிட் வாக்கர் என்பாரின் கைக்கு மாறியது. பின்னர் நாடெங்கும் பரவிய விலைப்பட்டியல்களில் நின்றது வாக்கரின் பெயர்.

போரும் தொழிற்சாலையும்

ஒரு குதிரைக்கு ஒரு மரம் என்ற நிலை பெருந்தொகையின் முன் நிலைக்கவில்லை. அமெரிக்க இராணுவ அதிகாரி ஜோர்ஜ் மெக்கிலெலன் 1855, 1856ஆம் ஆண்டுகளில் ஐரோப்பியப் படைகளைப் பார்வையிட்டுத் திரும்பி, புதிய சேணமொன்றை முன்மொழிந்தார். 1859இல் இராணுவம் அதனை ஏற்றது. நடுவே நீளத் திறந்த வழி, பச்சைத் தோல் போர்த்திய மரம், குறைந்த விலை, குறைந்த பாரம் என்பன அதன் சிறப்புகள். முதுகெலும்புக்குக் காற்றோட்டம் தரும் அந்தத் திறந்த வழி நல்ல யோசனையே. குதிரைப்படை கலைக்கப்படும் இருபதாம் நூற்றாண்டு வரை இச்சேணம் நிலைத்தது.

அச்சேணம் மூன்று அளவுகளில் வந்தது. மூன்றும் சவாரி செய்பவனின் இருக்கை நீளத்தின் அளவுகள். குதிரையின் முதுகுக்கென அளவு இருக்கவில்லை. குதிரைக்குக் கிடைத்தது மடித்த கம்பளி ஒன்றுதான்.

1861இல் உள்நாட்டுப் போர் தொடங்கியது. பயிற்சியற்ற சவாரியாளர்கள் மெலிந்த குதிரைகள்மீது பல நாள் சேணம் கழற்றாமல் சென்றனர். பட்டினியில் முதுகுத் தசை கரையும்போது நேற்றுப் பொருந்திய மரம் இன்று எலும்பில் உரசும். முதுகுப் புண்ணால் வேலைக்கு உதவாத குதிரைகள் பெருகின. 1863இல் குதிரைப்படைக்கெனத் தனிப் பணியகம் அமைக்கப்பட்டு, தலைநகர் வாஷிங்டனுக்கு அண்மையில் கீஸ்பரோ என்னுமிடத்தில் பல்லாயிரம் குதிரைகளுக்கான பெருந்தொழுவம் திறக்கப்பட்டது. களைத்தவையும் புண்பட்டவையும் அங்கே அனுப்பப்பட்டன. அப்போரில் மாண்ட குதிரைகளும் கோவேறு கழுதைகளும் பத்து இலட்சத்துக்கு மேல் என வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகின்றனர். அனைத்தும் சேணத்தால் இறந்தவையல்ல. குண்டும் நோயும் பட்டினியும் பெரும் பங்கை எடுத்தன. ஆயினும் சேணமும் தன் பங்கை எடுத்தது.

போருக்குப் பின் சேணமரம் தொழிற்சாலைப் பண்டமாயிற்று. இந்தியானா மாநிலத்தின் மெடிசன் நகரில் ஜேர்மனியிலிருந்து குடியேறிய பென் ஷ்ரோடர் 1878இல் தொடங்கிய தொழிற்சாலை 1972 வரை ஒரே குடும்பத்தின் கையில் சேணமரங்களைச் செய்தது. இன்று அது நூதனசாலையாக உள்ளது. வாளும் பொறியும் அப்படியே நிற்க, செய்து முடிக்காத மரங்கள் சுவரில் தொங்குகின்றன. பலவகைச் சேணங்களுக்கான மரங்கள் அங்கிருந்து சென்றன. அவற்றை வாங்கித் தோல் போர்த்தியவர்கள் தம் பெயரைப் பொறித்துக்கொண்டனர்.

இருபதாம் நூற்றாண்டில் ரொடியோப் போட்டி பெருகியது. துள்ளும் குதிரையில் நிலைத்திருப்பவனை மதிப்பிட அனைவருக்கும் ஒரே சேணம் வேண்டும் என்று ஒரிகன் மாநிலத்தின் பென்டில்டன் உட்படச் சில நகரங்களின் போட்டி நடத்துநர்கள் 1919ஆம் ஆண்டளவில் உடன்பட்டனர். பென்டில்டனின் ஹெம்லி நிறுவனம் அதற்கான மரத்தை உருவாக்கியது. மனிதனுக்கு மனிதன் நியாயம் செய்யும் ஏற்பாடு அது. குதிரையின் முதுகு அங்கே பேசப்பட்ட விடயமன்று.

1940இல் அமெரிக்கக் குவாட்டர் குதிரைச் சங்கம் தோன்றியது. அகன்ற முதுகும் தாழ்ந்த தோள்மேடும் கொண்ட அவ்வினம் பெருகியதும், மெலிந்த குதிரைகளுக்கான பழைய மரங்கள் பொருந்தாமற் போயின. ‘முழுக் குவாட்டர்’, ‘அரைக் குவாட்டர்’ என்ற அளவுப் பெயர்கள் சந்தையில் உலவலாயின. ஆனால் ஒரு நிறுவனத்தின் ‘அரை’ இன்னொன்றின் ‘முழு’வாக இருக்கலாம். எங்கிருந்து எங்கே அளப்பது என்பதிலேயே உடன்பாடு இல்லை. முன்வாயின் அகலத்தை மட்டும் அங்குலத்தில் சொல்லிவிட்டு, பலகையின் கோணத்தையும் வளைவையும் முறுக்கையும் சொல்லாமல் விடுவது, சப்பாத்துக்கு நீளத்தை மட்டும் சொல்லி விற்பது போன்றது.

பொருத்தம்

அனுபவசாலிகள் பொருத்தம் பார்க்கும் முறை எளிமையானது. கம்பளி எதுவும் இடாமல் வெறும் முதுகில் சேணத்தை, இயன்றால் தோல் போர்த்தாத மரத்தை, வைப்பர். தோள்மேட்டின்மேல் சற்று முன்னே வைத்துப் பின்னோக்கி வழுக்கிவிட்டால், தோட்பட்டைக்குப் பின்னால் தானாக நிற்கும் ஓர் இடம் உண்டு. அங்கே வைத்து, பலகைக்கும் முதுகுக்கும் இடையே உள்ளங்கையைச் செலுத்தி முன்னிருந்து பின்னாக நகர்த்துவர். கை எங்கும் ஒரே அளவில் நெரிபட வேண்டும். இரு முனையும் தொட்டு நடுவில் வெளி இருந்தால் அது பாலம். பாரம் நான்கு மூலைகளில் இறங்கும். நடுமட்டும் தொட்டால் அது ஆடுகதிரை. முன்வாய்க்கும் தோள்மேட்டுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். அறபுக் குதிரைகளின் முதுகு குட்டையானது. அவற்றில் சிலவற்றுக்கு விலாவும் ஒரு சோடி குறைவு. பெரிய குதிரைக்கான நீண்ட பலகைகள் அவற்றின் இடுப்பில் போய் முட்டும்.

பொருந்தாத சேணத்தின் கீழ் இன்னொரு கம்பளியைத் திணிப்பது வழக்கமான பரிகாரம். இறுக்கமான சப்பாத்துக்குள் தடித்த காலுறை அணிவதால் இறுக்கம் குறையாது, கூடும். குறுகிய மரத்தின் கீழ் கம்பளி செய்வதும் அதுவே.

இவ்வளவும் செய்த பின்னரும் தீர்ப்பு குதிரையிடமே இருக்கின்றது. சவாரி முடிந்து சேணத்தைக் கழற்றியதும் வியர்வைத் தடத்தைப் பார்ப்பர். ஈரமான பரப்பின் நடுவே உலர்ந்த திட்டொன்று தெரிந்தால், அங்கே அமுக்கம் மிகுந்து வியர்வையே நின்றுவிட்டது என்பது பெரும்பாலும் பொருள். இன்று அமுக்கத்தை அளந்து கணினித் திரையில் நிறமாகக் காட்டும் விரிப்புகள் வந்துள்ளன. முப்பரிமாண அளவீட்டைக் கொண்டு பொறியால் மரம் கடையவும் முடிகின்றது. ஆனால் நிற்கும் குதிரையின் முதுகு வேறு. ஓடும் குதிரையின் முதுகு வேறு. மழைக்காலத்தில் கொழுத்த முதுகு வேறு. கோடையில் வற்றிய முதுகு வேறு. எந்த மரமும் அசையும் உடலுக்கு முற்றாகப் பொருந்தாது. நல்ல மரம் அந்த அசைவுக்கு இடம்விட்டுப் பொருந்தும். மரத்துக்குப் பதிலாக நெகிழிச் சட்டகங்கள் மலிவாகக் கிடைக்கும் இக்காலத்திலும், குதிரையின் முதுகளவை வாங்கிக் கையால் மரம் செதுக்கும் சிலர் அமெரிக்காவிலும் கனடாவிலும் வேலை செய்கின்றனர்.

நீண்ட காலம் அமுக்கம் தாங்கிய இடத்தில் குதிரையின் தோல் நிறமணுக்களை இழக்கின்றது. புண் ஆறிய பின்னர் அங்கே வெள்ளை மயிர் முளைக்கின்றது. கபிலக் குதிரையின் தோள்மேட்டருகே உள்ளங்கையளவு வெள்ளைத் திட்டுகள் இருபுறமும் சமமாகத் தெரிவதுண்டு. அதைப் பிறவி அடையாளம் என்று எண்ணி அழகென்பாரும் உளர். பழைய புகைப்படங்களிலே கவ்போயின் தொப்பியையும் துப்பாக்கியையும் பார்த்துவிட்டு நகரும் நாம், அடுத்தமுறை சேணம் கழற்றிய குதிரை ஒன்று நிற்கும் படத்தைக் கண்டால், அதன் முதுகையும் சற்று நின்று பார்க்கலாம். மரத்தைச் செய்தவர் எப்படிச் செய்தார் என்பது அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.